பிக்கப்பின் முதுகில் ஒரு வீடு: பெட்டிலா, பிளாட்பெட்டிலா?

போன மாதம் அமெரிக்காவின் பாய்சி நகரத்திலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "அத்தான், கேம்பர் வாங்கலாம்னு இருக்கேன். உங்களை மாதிரி பெட்டைக் கழட்டிட்டு பிளாட்பெட் போடவா, இல்ல இருக்கிற பெட்லயே வைக்கவா?" ஒரு வரியில் பதில் எதிர்பார்த்தான் போல. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில், "சரி அத்தான், எழுதி அனுப்புங்க" என்றான். தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னான் என்று தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

இந்த உலகம் புதிதென்றால் இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் இருக்கும் திறந்த தொட்டியைத்தான் பெட் என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டியோடு கூடிய ஒரு பெட்டி வீட்டை அதற்குள் இறக்கி வைத்தால் அது டிரக் கேம்பர். டிரெய்லர் போல இழுத்துக்கொண்டு போவதில்லை, சுமந்துகொண்டு போவது. வேண்டாதபோது நாலு மூலையிலும் உள்ள ஜாக்கிகளில் தூக்கி நிறுத்திவிட்டு அடியிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். பிளாட்பெட் என்றால் அந்தத் தொட்டியையே கழற்றிவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ்மேல் சுவரில்லாத தட்டையான தளம் போடுவது. ஆஸ்திரேலியாவில் இது அன்றாடக் காட்சி. அங்கே யூட் என்று சொல்லும் பிக்கப்பை வாங்கும்போதே தட்டோடு வாங்குகிறவர்கள் ஏராளம். இங்கே சுற்றுலாக்காரர்கள் நடுவில் அது பரவலானது பிற்பாடுதான்.

நான் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் இருக்கிறேன். நாலு வருடம் சாதாரண பெட்டில், கூரை மடங்கி இறங்கும் துணிச் சுவர் மடக்கு கேம்பர் ஒன்று வைத்திருந்தேன். கடந்த மூன்று வருடமாகப் பிளாட்பெட். இரண்டிலும் பணத்தை விட்டிருக்கிறேன், இரண்டிலும் சந்தோஷமாகவும் இருந்திருக்கிறேன்.

முதலில் தராசு

எதை வாங்கலாம் என்பதற்கு முன்னால், உன் வண்டி எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் நிற ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். அது அந்த மாடலிலேயே மிக இலகுவான, வசதிகள் குறைந்த வண்டிக்கு உரியது. டீசல் எஞ்சின், நாலு கதவு, நாலு சக்கர இயக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க உன் பங்கு குறைந்துகொண்டே வரும். பார்க்கப் பெரிய வண்டிதான், ஆனால் டீசல் எஞ்சினின் எடையே சில நூறு பவுண்டைச் சாப்பிட்டுவிடும்.

என் முதல் வண்டி ஃபோர்டு எஃப்-250, டீசல். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு. ஸ்டிக்கரில் இருந்த பேலோடு 2,310. கேம்பரின் பிரசுரத்தில் 1,250 பவுண்டு என்று இருந்தது. ஆயிரம் பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டு வாங்கினேன். பிரசுரத்து எடை என்பது காலி ஓட்டின் எடை. குளிர்பெட்டி, ஹீட்டர், பேட்டரி, சோலார் பலகை, நாலு ஜாக்கி எல்லாம் சேர்ந்தபோது அது 1,640 ஆகிவிட்டது. 20 கேலன் தண்ணீர் 167 பவுண்டு (ஒரு கேலனுக்கு 8.34 என்று கணக்கு). நிறைந்த ஒரு புரொப்பேன் சிலிண்டர் 37. நாங்கள் மூன்று பேர் 430. துணி, சாப்பாடு, கருவிகள், அம்மா கொடுத்துவிட்ட இரும்புத் தோசைக்கல் உட்பட 350. கூட்டிப் பார்த்தால் 2,624. முந்நூறு பவுண்டுக்குமேல் அதிகம்.

இந்தக் கணக்கை நான் வாங்குவதற்கு முன்னால் போடவில்லை. இரண்டாவது பயணத்தில், லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் (CAT) ஸ்கேல் என்ற எடை மேடையில் வண்டியை ஏற்றியபோதுதான் தெரிந்தது. முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு இன்னொரு தட்டில் நிற்கும்படி நிறுத்தினால், இரண்டையும் தனித்தனியாக அச்சிட்டுச் சீட்டு தருவார்கள். சில டாலர்தான் செலவு. என் சீட்டில் 10,320 என்று வந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "தோசைக்கல்லை மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

நண்பர்கள் பலர் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை போடச் சொன்னார்கள். போட்டேன். பின்புறம் தொங்கியிருந்த வண்டி நிமிர்ந்தது, ஓட்டுவதற்கும் நன்றாக இருந்தது. ஆனால் வரம்பு அதே 10,000தான். ஸ்பிரிங்குக்கு உதவி கிடைத்ததே தவிர பிரேக்குக்கோ அச்சுக்கோ சேஸிசுக்கோ எதுவும் கிடைக்கவில்லை. பின் அச்சின் வரம்பையும் டயரின் வரம்பையும் மட்டும் பார்த்தால் போதும், மொத்த எடை என்பது பதிவுக்காகப் போட்ட எண் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ராக்கி மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும் வாசனை வரும்போது அந்த நியாயத்தை நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

பிளாட்பெட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கேயே இருக்கிறது. பெட்டைக் கழற்றிய நிமிடமே கதவு ஸ்டிக்கர் செல்லாக் காசு. அது தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்கான கணக்கு. தட்டும் அதன் அடிப்பெட்டிகளும் ஏறியபிறகு, டேங்க்கை நிரப்பி, நீயும் உட்கார்ந்து, எடை போட்டு, மொத்த வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். இப்போதுள்ள என் எஃப்-350 பெட்ரோல் வண்டி கேம்பர் இல்லாமல், தட்டும் நானும் முழு டேங்க்குமாக 7,620 காட்டியது. வரம்பு 11,300. ஆகவே கேம்பருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் 3,680. இரும்புத் தட்டாக இருந்திருந்தால் அதில் சில நூறு பவுண்டு போயிருக்கும். 2017 மாடலிலிருந்து இந்த வரிசை ஃபோர்டுகளின் பெட்டே அலுமினியம் என்பதால், அதைக் கழற்றிவிட்டு இரும்புத் தட்டு போட்டால் எடை ஏறத்தான் செய்யும். "பிளாட்பெட் போட்டால் எடை குறையும்" என்று யாராவது சொன்னால் எந்த வண்டி, எந்தத் தட்டு என்று கேள்.

பெட்டிலேயே வைப்பது

சாதாரண பெட் கேம்பருக்குப் பெரிய பலம், வண்டி வண்டியாகவே இருப்பது. திங்கட்கிழமை அலுவலகம், சனிக்கிழமை மலை. ஞாயிறு மாலை கேம்பரை வீட்டு வாசலில் ஜாக்கியில் நிறுத்திவிட்டால் செவ்வாய்க்கிழமை தோட்டத்துக்கு ஒரு லோடு மண் அள்ளி வரலாம். முதல் நாலு வருடமும் நான் அப்படித்தான் இருந்தேன். ஒரு வருடத்தில் இருபது முறைக்குமேல் ஏற்றி இறக்கியிருப்பேன்.

ஏற்றுவது ஒரு கலை. பின்சக்கரங்களுக்கு இடம் விட்டுப் பெட்டுக்குள் புடைத்திருக்கும் சக்கர வீக்கங்களுக்கு நடுவே சுமார் 50 அங்குலம்தான் இடம். கேம்பரின் அடிப்பகுதி அதற்குள் போக வேண்டும், இருபக்கமும் ஓரிரு விரல் இடைவெளியோடு. ஊரில் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று பலகையைத் தட்டி, "ரைட்ல ஒடிங்க, வா வா வா... ஹோல்டான்!" என்பாரே, அந்த வேலையை மனைவி செய்தாள். நான் இடதுக்கு ஒடித்தால் அவள் வலதைக் காட்டுவாள். கண்ணாடியில் பார்த்தால் எல்லாமே தலைகீழ். எங்கள் இருபது வருடக் குடும்ப வாழ்க்கையின் பெரிய சண்டைகள் மாமியார் விஷயத்தில் வரவில்லை, இதில்தான் வந்தன. பழகியபிறகு இருபது நிமிட வேலை.

இன்னொரு பலம் தேர்வு. பழைய கேம்பர் சந்தையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பகுதி பெட்டுக்கென்றே செய்தவை. லான்ஸ், ஆரிகானிலிருந்து வரும் ஹோஸ்ட், கனடாவின் நார்தர்ன் லைட், பிக்ஃபுட் என்று வரிசை நீளம். கேம்பர் பிடிக்கவில்லையா, விற்றுவிடு, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி பழுதா, வேறு வண்டி வாங்கிக் கேம்பரை அதில் ஏற்று. இந்தப் பிரிவு சுலபமாக இருப்பது பணத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

பலவீனம் உள்ளே போனதும் தெரியும். தரை அகலம் நாலடிதான். சக்கர வீக்கத்துக்கும் பெட் சுவருக்கும் மேலேதான் கேம்பர் இறக்கை விரித்து அகலமாகிறது. ஆகையால் உள்ளே இருபக்கமும் மேடை, நடுவில் சந்து. ஒருத்தர் வெங்காயம் நறுக்கினால் இன்னொருத்தர் கால் மடக்கிப் படுக்கையில் உட்கார வேண்டும். கேம்பரின் இறக்கைக்கும் பெட் சுவருக்கும் இடையில், சக்கரத்துக்கு முன்னும் பின்னும், எதற்கும் பயன்படாத பொந்துகள் இருக்கும். எட்டித் துழாவினால் ஒரு கயிறு, ஒரு செருப்பு, போன வருடம் தொலைந்த டார்ச் கிடைக்கும்.

பிளாட்பெட்டுக்கென்றே செய்த கேம்பர்

இதில் ஏறினவுடன் பெரும்பாலோர் வாங்க முடிவு செய்துவிடுகிறார்கள், நானும்தான். சக்கர வீக்கம் என்ற தொல்லை இல்லாததால் தரை சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஆறடிக்குமேல் அகலமாக வரும். இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் இடிக்காமல் திரும்பலாம். தயாரிப்பாளரைப் பொறுத்துக் கதவைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளவும் முடியும். கலிஃபோர்னியாவின் ஃபோர் வீல் கேம்பர்ஸ், வழக்கமான பெட் மாடல்களோடு பிளாட்பெட் மாடல்களும் செய்கிறது. மேல்கூரை மடங்கும் வகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வெளியே ஒரே சாடை, உள்ளே வேறு வீடு.

தட்டின் கீழே, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இருபுறமும் பெட்டிகள் பொருத்தலாம். மேலே சொன்னேனே, அந்தப் பொந்துகள்தான் இப்போது பூட்டுப் போட்ட அலமாரி. கனமான சாமான்களான கருவி, சங்கிலி, ஜாக்கி எல்லாம் கீழே, அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். வண்டியின் ஆட்டம் குறையும். இதை நான் வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்சுக்கும் நடுவே ஐ-80 நெடுஞ்சாலையில் உணர்ந்தேன். அங்கே எல்க் மலை ஓரம் அடிக்கிற காற்றுக்கு உயரமான காலி வண்டிகளைத் தடுத்து நிறுத்துகிற நாள்களும் உண்டு.

ஆனால் அந்தத் தளம் சக்கரத்துக்கு மேலே உட்கார வேண்டியிருப்பதால், பெட் தரையைவிடச் சில அங்குலம் உயரத்தில் இருக்கும். கேம்பரும் அந்த அளவு மேலே போகும். கீழே பெட்டிகளில் சம்பாதித்த நிதானத்தில் ஒரு பங்கை உயரத்தில் திருப்பிக் கொடுக்கிறாய். ஜாக்கிகளும் அதிகம் நீள வேண்டும். காற்றடிக்கிற நாளில் கேம்பர் தனியாக நாலு காலில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அதனால் அடியில் மரத் தாங்கிகள் கொடுத்துத்தான் விடுவேன்.

சரி, மாற்றும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பெட்டைக் கழற்றுவது சில போல்ட்டுகள்தான். நாலு பேர் இருந்தால் ஒரு காலை நேரத்தில் முடியும். சிக்கல் பெட்டோடு சேர்ந்து போகிறவற்றில். பெட்ரோல் போடும் வாய் பெட்டின் பக்கச் சுவரில் இருக்கிறது. பின் கேமரா, பெட்டின் பின்கதவான டெயில்கேட்டில் இருக்கிறது. பக்கத்தில் வண்டி வந்தால் எச்சரிக்கும் ரேடார் பின் விளக்குக்குள் இருக்கிறது. எனக்குத் தட்டு மாட்டிய பட்டறையில் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பெட்ரோல் குழாயின் சாய்வு கொஞ்சம் குறைந்துவிட்டது. பங்க்கில் பெட்ரோல் அடிக்கும் துப்பாக்கியை மாட்டினால் இரண்டு கேலனுக்கு ஒருமுறை 'டக்' என்று நின்றுவிடும். நாலு மாதம் விரலால் பிடித்து மெதுவாக நிரப்பினேன். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் என்னைத் திட்டியதை எண்ணினால் ஒரு புத்தகம் ஆகும். இரண்டாவது முறை கொண்டுபோனபோது குழாயை மாற்றி வைத்தார்கள். ரேடார் எச்சரிக்கை இன்றுவரை டேஷ்போர்டில் மஞ்சளாக எரிகிறது. அதோடு வாழப் பழகிவிட்டேன்.

உப்பு விஷயமும் உண்டு. கொலராடோவில் குளிர்காலத்தில் சாலைக்கு மெக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள். பெட் இருந்தபோது அதன் சுவர் கேம்பரின் கீழ்ப்பகுதியைக் காத்தது. இப்போது சக்கரம் அள்ளி வீசுவது நேராகக் கேம்பர் அடியிலும் மூட்டுகளிலும் போய் ஒட்டுகிறது. அலுமினியத் தட்டு இரும்புச் சேஸிசைத் தொடும் இடத்தில் ரப்பரோ பிளாஸ்டிக் பட்டையோ கொடுக்காவிட்டால், உப்புத் தண்ணீர் நடுவில் நின்று அலுமினியத்தைத் தின்றுவிடும். தட்டு வாங்கும்போது நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான். விற்பனையாள் கொஞ்சம் யோசித்தார். அடுத்த கடைக்குப் போனேன்.

கட்டுவது எப்படி

கேம்பரை வண்டியோடு பிணைப்பதில்தான் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் என்பது என் கருத்து. பெட் கேம்பரை சேஸிசில் பொருத்திய நாலு கைகளிலிருந்து, திருகி இறுக்கும் டர்ன்பக்கிள் போட்டு இழுத்துக் கட்டுவோம். டார்க்லிஃப்ட் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் அந்தக் கைகளைச் செய்கின்றன. கட்டு தளர்ந்தால்கூடச் சுற்றிலும் பெட் சுவர் இருக்கிறது. கேம்பர் பக்கவாட்டில் ஓரங்குலம் நகரும், அவ்வளவுதான்.

பிளாட்பெட்டில் சுவரே இல்லை. யூட்டாவில் எஸ்கலாண்டே பக்கம் ஹோல் இன் த ராக் என்றொரு மண் சாலை இருக்கிறது. துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக, ஐம்பது மைலுக்குமேல். அதில் முதல் வருடம் போனோம். இருபது மைல் தாண்டி இறங்கிப் பார்த்தால் முன் இடது டர்ன்பக்கிள் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. கேம்பர் ஒருபக்கம் இரண்டு விரற்கடை திரும்பியிருந்தது. தப்பு என்னுடையதுதான். புதிதாகக் கட்டியதை ஐம்பது மைலுக்குள் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் சோம்பல். தளத்தின் முன்னும் பக்கங்களிலும் கோண இரும்பில் தடுப்புக் கட்டைகள் வைத்திருந்ததால் அதற்குமேல் போகவில்லை. அவை இல்லாமல் வெறும் தட்டில் கேம்பர் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

இன்னொரு நுட்பம் சேஸிஸ் முறுக்கு. ஒரு முன்சக்கரம் பாறைமேல் ஏறி, எதிர்ப்பக்கப் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சேஸிஸ் துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். கேம்பர் பெட்டி முறுக்கிக்கொள்ளாது, விரிசல் விடும். பெட்டியை நேராகச் சேஸிசில் இறுக்கிவிட்டால் வெடிப்பு வரும் இடம் மூலைகளும் ஜன்னல் ஓரமும். அதனால்தான் தட்டின் ஒரு முனையை இறுக்கமாகவும் மறுமுனையை ஸ்பிரிங் வைத்துக் கொஞ்சம் எழும்பும்படியும் பொருத்துகிறார்கள். தார் ரோட்டிலும் நல்ல மண் சாலையிலும் மட்டும் போகிறவனுக்கு இந்தச் செலவு தேவையில்லை. பெட் இல்லாமல் வெறும் கேபின்-சேஸிசாக வரும் வண்டி வாங்குகிறவர்கள் மட்டும் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஃபோர்டின் அந்த வகை வண்டிகளில் கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் மூடிய பெட்டி வடிவில் இல்லாமல் திறந்த 'சி' வடிவில் இருக்கும். அது நன்றாகவே முறுக்கிக்கொடுக்கும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு

சந்தையில் கிடைக்கிற சாதாரணப் பெட் கேம்பரையே வாங்கி, அதைப் பிளாட்பெட்மேல் வைத்து, இறக்கையின் கீழ் உள்ள வெற்றிடத்துக்கு அளவெடுத்துப் பக்கப் பெட்டிகள் செய்துகொள்வது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. உள்ளே தரை அதே நாலடிதான். ஆனால் கேம்பரைப் பழைய விலைக்கு வாங்கலாம், எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், சாமான் வைக்கும் இடமோ பிளாட்பெட்டுக்கு நிகராகக் கிடைக்கும். வாரநாளில் தட்டை வேலைக்குப் பயன்படுத்துகிற ஆசாரி, வெல்டர், பண்ணைக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். தட்டில் மூன்று பக்கமிருந்தும் லோடு ஏற்றலாம், ஃபோர்க்லிஃப்டில் பேலட்டை நேராக வைக்கலாம். மண், ஜல்லி மாதிரி உதிரிச் சரக்குக்கு மட்டும் பக்கப் பலகை தேவை.

எனக்கு இந்த யோசனை முன்பே தெரிந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேனோ என்று சில நாள் தோன்றும். பிறகு மழை நாளில் உள்ளே மூன்று பேரும் கால் நீட்டி உட்கார்ந்து சீட்டு விளையாடும்போது அந்த எண்ணம் போய்விடும்.

போகிற இடம் சொல்வதையும் கேள்

நீளமும் அகலமும் வாங்கும்போது பெரிதாகத் தெரியாது, பார்க் வாசலில் தெரியும். மான்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், சூரியனுக்குப் போகும் சாலை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதன் மலைப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ கண்ணாடியோடு 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. நாலு கதவும் எட்டடிப் பெட்டும் உள்ள பெரிய பிக்கப், கேம்பர் இல்லாமலே 21 அடியைத் தாண்டும். என் வண்டி குட்டைப் பெட் அளவுதான். ஆனால் தட்டும் கேம்பரும் பின்னால் நீட்டிக்கொண்டதில் நாலு அங்குலம் கூடிவிட்டது. முதல் கேம்பரோடு கண்ணாடியை மடக்கிக்கொண்டு போன சாலையில் இரண்டாவது முறை ஷட்டில் பஸ்ஸில் போனோம். மகள் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும். கரடி நடமாட்டம் காரணம். துணிச் சுவர் உள்ள மடக்கு கேம்பருக்கு அங்கே இடமில்லை, பெட்டில் இருந்தாலும் பிளாட்பெட்டில் இருந்தாலும். மடக்கு வகை காற்றில் உயரம் குறைவு, எடை குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு. கெட்டிச் சுவர் வகை குளிருக்கும் பனிக்கும் சத்தத்துக்கும் மேல். குளிர்காலத்தில் போகாதவன் கெட்டிச் சுவர் வாங்கி எடையைச் சுமக்க வேண்டியதில்லை என்பேன். நிறுத்தியபின் பக்கச் சுவரை வெளியே தள்ளி இடம் பெருக்கும் ஸ்லைடு-அவுட் வைத்த பெரிய கெட்டிச் சுவர் கேம்பர்கள் காலியாகவே 3,000 பவுண்டைத் தாண்டும். அவற்றுக்குப் பின்னால் நாலு டயர் உள்ள டூயலி வண்டி வேண்டும், அந்த அகலத்தோடு நகரத்தில் பார்க்கிங் தேட வேண்டும். அது வேறு வாழ்க்கை.

இடையில் ஒரு சமையல் குறிப்பு: பத்தாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. பெட்டோ பிளாட்பெட்டோ, குக்கர் இல்லாமல் கிளம்பாதே. தாளிப்பது மட்டும் வெளியே. துணிச் சுவரில் ஏறிய கடுகு வாசனை மூன்று வருடம் கழித்தும் எங்கள் பழைய கேம்பரில் இருந்தது. அதை வாங்கிய வெள்ளைக்கார அம்மா மூக்கைச் சுருக்கவில்லை, "இது என்ன நல்ல வாசனை" என்று கேட்டார்.

டிரெய்லர் வாங்கினால் என்ன என்று கேட்பாய். அதே பணத்தில் இரண்டு மடங்கு இடம் கிடைக்கும். முகாமுக்குப் போய் ஒரு வாரம் ஒரே இடத்தில் இருக்கிற குடும்பத்துக்கு அதுதான் சரி. நாங்கள் ஒரு ராத்திரிக்குமேல் ஒரு இடத்தில் தங்குவது அபூர்வம். மண் சாலை முடியும் இடத்தில் வண்டியைத் திருப்பத் தெரியாமல் டிரெய்லரோடு முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தவிர, படகு இழுக்க வேண்டுமானால் கேம்பர் முதுகில் இருக்கும்போதும் கொக்கி காலியாக இருக்கும். பிளாட்பெட் கேம்பர் தட்டின் விளிம்போடு முடிந்தால் கொக்கிக்கு நீட்டிப்பு வேண்டாம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பெட் கேம்பருக்கு நீட்டிப்பு வேண்டும், அது இழுக்கும் திறனைக் குறைக்கும்.

மாப்பிள்ளைக்கு

இதெல்லாம் சொன்னபிறகு மச்சினனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "வருஷத்துல எத்தனை தடவை கேம்பரைக் கழட்டுவே?"

நான் இந்த மூன்று வருடத்தில் மூன்றே முறை கழற்றியிருக்கிறேன், அதில் ஒன்று பெட்ரோல் குழாய்க்காக. எனக்கு வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது. பிக்கப்புக்கு இதைச் சுமப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் பிளாட்பெட் கேம்பர். தட்டுக்கும் பெட்டிகளுக்கும் ஐந்திலக்கத் தொகை எளிதாகப் போகும், கேம்பரும் இன்னொரு பிளாட்பெட்காரனுக்குத்தான் விற்கும். இதை உடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் தெம்பு வேண்டும். கழற்றிய பெட்டை என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. கீறல் இல்லாத தொழிற்சாலைப் பெட்டுக்கு நல்ல கிராக்கி உண்டு, உடனே விற்றுவிடலாம். நான் "எப்போதாவது திரும்ப மாட்டினால்" என்று பின்தோட்டத்தில் வைத்தேன். குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தன. மூன்றாவது வருவதற்குள் மண் நிரப்பி மிளகாய் போட்டுவிட்டேன். பாத்தி என்றால் விதியில் இடம் இருக்கிறது.

அவனோ தினமும் அதே வண்டியில்தான் வேலைக்குப் போகிறான். வருடத்துக்கு நாலைந்து முறை வெளியூர். இருப்பது அரை டன் வண்டி என்று சொல்லும், என்னுடையதைவிட இலகுவான ரக பிக்கப். "எடை போட்டுட்டுச் சொல்லு மாப்ளே" என்றேன். சனிக்கிழமை டிரக் ஸ்டாப்பிலிருந்து சீட்டைப் படம் பிடித்து அனுப்பினான். அவனும் மனைவியும் முழு டேங்க்குமாக ஏறி உட்கார்ந்தபிறகு வரம்புக்கு மிச்சம் 1,180 பவுண்டு. அதில் பிளாட்பெட் தட்டு போட்டால் கேம்பருக்கு மிஞ்சுவது ஒரு நல்ல கூடாரத்தின் எடைதான். குளிர்பெட்டி, மேடை எதுவும் இல்லாத மடக்கு ஓடு ஒன்றைப் பெட்டில் வைத்து, தண்ணீருக்கு இரண்டு கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்சம் முகம் வாடியது, போனிலேயே தெரிந்தது.

வாங்குவதற்கு முன்னால் அதே மாதிரி ஒன்றை நாலு நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறானாம். வியாழக்கிழமை இங்கே வருகிறான். "அக்காகிட்ட சொல்லுங்க, படுக்க இடம் வேண்டாம், வாசல்ல நிறுத்த இடம் இருந்தா போதும்" என்றான். சங்கத்து ஆள்கள் அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமைதான் நடக்க வருவார்கள். அதற்குள் மலைக்குக் கிளம்பிவிட வேண்டும்.